பெயிண்ட் அப்புறம், ஆயில் பைப் முதல்ல

டிஸ்கி: இது பி.காம் படிக்கிற ஒருத்தன் எழுதின எஞ்சின் பதிவு. மெக்கானிக்கல் நண்பர்கள் கல்லைக் கையில் எடுக்கும் முன் கடைசி வரை படிச்சிடுங்க :-)

பழைய லாரியைப் புதுப்பிக்கிறவங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்கு. முதல்ல டிங்கரிங், அப்புறம் பட்டி, அப்புறம் பெயிண்ட், அப்புறம் பாடிக்கு மரவேலை, நடுவுல எங்கயோ எஞ்சின். எல்லாம் முடிஞ்சு நாளைக்கு வண்டி டெலிவரின்னு இருக்கும்போது, "அந்த ஆயில் பைப்பை ஒரு வழியா மாட்டி விட்டுடுப்பா"ன்னு ஒரு குரல் வரும். கடையில கிடைச்ச செம்புக் குழாய், கிடைச்ச நட்டு, இடம் இருக்கிற வழி. அவ்வளவுதான் வேலை முடிஞ்சது.

இந்த வரிசையே தப்புங்கிறதுதான் என் கட்சி. ஆயில் பைப் எந்த வழியாப் போகணும், எதால செய்யணும்னு எஞ்சினை வெளியில தூக்கி வெச்சிருக்கும்போதே முடிவு பண்ணணும். எஸ்டிமேட்ல அதுக்குன்னு தனி வரி இருக்கணும். அந்த வரியை அடிச்சிட்டுப் பேரம் பேசற வாடிக்கையாளர் மிச்சப்படுத்தறது ரொம்பக் கொஞ்சம். பணயம் வைக்கிறது மொத்த எஞ்சினை.

உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. நாமக்கல் பக்கம் என் பெரியப்பாவுக்கு லாரிப் பட்டறை இருக்கு. லீவு நாள்ல பில் புக், எஸ்டிமேட், ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் நான்தான் எழுதறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாட்டியும், எந்த வரியைப் பார்த்து வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார்னு எனக்குத் தெரியும். பெயிண்ட் வரியை யாரும் தொடறதில்லை. "ஆயில் லைன் வேலை"ங்கிற வரியில விரலை வெச்சு, "ஏனுங்க, இது எதுக்குங்க தனியா?"ன்னு கேக்காதவங்க ரொம்பக் குறைவு.

சரி, எதுக்குன்னு பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரே ஒரு எஞ்சினை எடுத்துக்கறேன். செவர்லே லாரியில வந்த 216 கன அங்குல, ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். 1937-லிருந்து 1953 வரை தயாரிச்சாங்க. அமெரிக்காவில இதுக்கு 'ஸ்டவ்போல்ட்'னு செல்லப் பேர். நம்ம நாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லயே பம்பாய் சிவ்ரியில அசெம்பிளி ஆலை போட்டு 1954 வரைக்கும் நடத்தினாங்க. இரண்டாம் உலகப் போர்ல வந்த கனடா ராணுவ செவர்லே லாரிகள்லயும் இதே எஞ்சின்தான். (ஜி.எம். கடையைக் கட்டின அதே 1954-லதான் ஜாம்ஷெட்பூர்ல டெல்கோ, பென்ஸ் கூட்டணியில லாரி தயாரிக்க ஆரம்பிச்சது. அது தனிக் கதை.)

இந்த எஞ்சினோட ஆயில் ஓட்டம் இன்னைக்கு இருக்கிற வண்டி மாதிரி கிடையாது. மெயின் பேரிங்குக்குப் பம்ப் அழுத்தத்தோட ஆயில் போகும். கனெக்டிங் ராட் பேரிங்குக்கு அப்படிப் போகாது. ஒவ்வொரு ராடுக்கும் அடியில சின்னக் கரண்டி மாதிரி ஒரு அமைப்பு. கீழ சேம்பர்ல அதுக்கு நேரா ஒரு தொட்டி. கிராங்க் சுத்தும்போது கரண்டி தொட்டியில முங்கி ஆயிலை அள்ளிக்கும். வேகம் கூடினா, பக்கத்துல இருக்கிற நாசில்லேர்ந்து ஆயில் நேரா பீய்ச்சி அந்தக் கரண்டியில அடிக்கும். நாசில் குறி சரியா இருக்கான்னு பார்க்க அந்தக் காலத்து மெக்கானிக்குகளுக்குத் தனி அளவுக் கருவியே இருந்தது.

இதனால ஆயில் பிரஷர் ரொம்பக் கம்மி. ஓடும்போது சுமார் 15 பி.எஸ்.ஐ. டேஷ்போர்டுல இருக்கிற மீட்டரே 30 வரைக்கும்தான். எஞ்சின் சூடாகி ஐடில்ல நிக்கும்போது முள் கிட்டத்தட்ட தரையில படுத்துக்கும். 1954-ல லாரிகளுக்கு வந்த 235 எஞ்சின்லதான் ராட் பேரிங் வரைக்கும் முழு அழுத்தத்தோட ஆயில் போச்சு. மீட்டரும் 60 வரைக்கும் ஏறிச்சு.

நம்ம காமர்ஸ் பாஷையில சொன்னா, 216 எஞ்சின் ரொம்பக் குறைஞ்ச ரொக்கக் கையிருப்போட ஓடற கம்பெனி. அன்னன்னைக்கு வர்ற பணத்துல அன்னன்னைக்கு சம்பளம். எங்கயாவது சின்னதா ஒழுகினா அடுத்த நாள் கடை திறக்க முடியாது. வெளியில ஓடற ஆயில் பைப்பு இங்க இவ்வளவு முக்கியமாகறது அதனாலதான்.

வெளியில ஓடற பைப்புன்னா மொத்தம் என்ன? ஃபில்டருக்குப் போறது ஒண்ணு, ஃபில்டர்லேர்ந்து திரும்பி சேம்பருக்கு வர்றது ஒண்ணு, டேஷ்போர்டு மீட்டருக்குப் போறது ஒண்ணு. மூணையும் நீட்டி வெச்சா பத்தடி தேறாது. இந்தப் பத்தடியில என்னென்ன தப்பு நடக்குதுன்னு எங்க ஃபிட்டர் அண்ணன்கிட்ட உக்காந்து கேட்டு எழுதினதுதான் கீழ இருக்கிறது.

முதல் தப்பு, ஃபில்டர். இந்த எஞ்சினுக்கு ஃபில்டர் கட்டாயம் கிடையாது. வேணும்னா கூடுதல் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கற சாமான். இன்னைக்கு வண்டிகள்ல மொத்த ஆயிலும் ஃபில்டர் வழியாப் போய்த்தான் பேரிங்குக்கு வரும். இதுல அப்படி இல்லை. பிரஷர் லைன்லேர்ந்து கொஞ்சூண்டு ஆயிலைப் பிரிச்சு, ஃபில்டர் டப்பாவுக்குள்ள விட்டு, சுத்தம் பண்ணி, சேம்பருக்கே திருப்பி அனுப்பறாங்க. அதாவது அந்த ஆயில் பேரிங் பக்கமே போகாம வீட்டுக்குத் திரும்பிடுது. அதனால "கொஞ்சூண்டு"ங்கிறதுதான் இங்க உயிர்நாடி. அதைக் கட்டுப்படுத்த வழியில ஒரு சின்ன ஓட்டை வெச்சிருப்பாங்க. விட்டம் ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். சில டப்பாவில உள்ளேயே இருக்கும், சிலதுல பைப் சேர்ற முனையில இருக்கும்.

பழைய டப்பா துருப்பிடிச்சுப் போச்சுன்னு வேற ஒண்ணை மாட்டறாங்க. முனையையும் மாத்தறாங்க. புது முனை பளபளன்னு இருக்கு, உள்ள ஆறு மில்லிமீட்டர் தாராளமான ஓட்டை. விட்டம் நாலு மடங்குன்னா பரப்பளவு 16 மடங்கு. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயில் சுலபமான வழியில சேம்பருக்கு ஓடிடும். மீட்டர்ல முள் கீழ இறங்கும். அப்ப என்ன சொல்வாங்க தெரியுமா? "பழைய வண்டிங்க, அப்படித்தான் காட்டும்."

இரண்டாவது தப்பு, மரை. அமெரிக்க எஞ்சின்ல ஆயில் துளைகளுக்கு என்.பி.டி. மரை. நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில சாதாரணமாக் கிடைக்கிறது பி.எஸ்.பி. மரை. எட்டில் ஒரு பங்கு அங்குல சைஸ்ல என்.பி.டி.க்கு ஒரு அங்குலத்துக்கு 27 மரை, பி.எஸ்.பி.க்கு 28. மரையோட கோணமும் வேற, முன்னதுக்கு 60 டிகிரி, பின்னதுக்கு 55. வித்தியாசம் ரொம்பக் கம்மியா இருக்கிறதுதான் ஆபத்து. கையால சுத்தினா ரெண்டு மூணு சுத்து அழகாப் போகும். அப்புறம் இறுகும். "நல்லா டைட் ஆயிடுச்சு"ன்னு நினைச்சு ஸ்பேனர் போட்டு இழுத்தா, பிளாக்ல இருக்கிற எழுபது வருஷத்து மரை போச்சு. ஒழுகினா டெஃப்லான் டேப் சுத்துவாங்க. பிய்ஞ்ச டேப் துணுக்கு உள்ள போய் அந்த ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டையில உக்காந்துக்கும். அந்த நொடியிலேர்ந்து ஃபில்டர் வெறும் அலங்காரம்.

மூணாவது, செம்புக் குழாய். வளைக்க சுலபம், பார்க்கவும் அழகு. ஆனா செம்பு அதிர அதிர இறுகிப்போற உலோகம். இறுகினா உடையும். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டிங் மேல உக்காந்து ஆடிக்கிட்டே இருக்கு, கேபின் ஆடறதில்லை. ரெண்டுக்கும் நடுவுல விறைப்பா ஒரு செம்புக் குழாயை இழுத்துக் கட்டினா, அது ஒரு நாள் முனையில, நட்டுக்கு ஒட்டினாப்புல, முடி மாதிரி விரிசல் விடும். பிரேக் லைனுக்குப் போடற மாதிரி இரும்புக் குழாயைப் போட்டு, முனையை ரெட்டையா மடிச்சு ஃப்ளேர் பண்ணி, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல ஆயில் தாங்கற ஹோஸ் ஒரு துண்டு கொடுக்கணும். செம்புதான் வேணும்னா அந்த இடத்துல ஒரு ரெண்டு சுருள் சுத்தி விட்டாத்தான் ஆட்டத்தைத் தாங்கும். ஹோஸ்னதும் ரேடியேட்டர் ஹோஸை வெட்டிப் போடறவங்களும் இருக்காங்க. தண்ணிக்குச் செஞ்ச ரப்பர் ஆயில்ல ஊறி உப்பிப்போகும்.

நாலாவது, வழி. எங்க ஃபிட்டர் அண்ணன் இதுக்குச் சுருக்கமா ஒரு விதி வெச்சிருக்கார்: "சூட்டைத் தாண்டாதே, இரும்பைத் தொடாதே, தொங்காதே." எஞ்சின் ஆயில் 200 டிகிரியைத் தாண்டினா தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விடும். லோடு ஏத்தி மலையேறும்போது சைலன்சர் மேனிஃபோல்ட் அதைவிட ரொம்ப சூடாயிடும். இந்த எஞ்சின்ல ஃபில்டர் டப்பாவை மேனிஃபோல்ட் பக்கத்துலயே மாட்டற வழக்கம் வேற. பைப்பு அதுக்கு மேல போனா, ஒரு சொட்டு ஒழுகினாலும் நேரா அடுப்புல எண்ணெய். அப்புறம் பிளாக்கை ஒட்டியே கொண்டு போய், ரப்பர் வெச்ச கிளாம்ப் போட்டு அங்கங்க பிடிக்கணும். ஃபயர்வால் தகட்டு ஓட்டை வழியாப் போகும்போது ரப்பர் வளையம் போடணும், இல்லாட்டி தகடே ரம்பம் மாதிரி அறுத்துடும். கடைசியா, ஒவ்வொரு நட்டுக்கும் ஸ்பேனர் போற மாதிரி வழி இருக்கணும். கேபினை மாட்டி, ஃபெண்டரை மாட்டி, பெயிண்ட்டும் அடிச்சப்புறம் அந்த இடத்துக்குள்ள கை போகாது. ஆயில் பைப் முதல்லன்னு நான் சொல்றதுக்குக் காரணமே இதுதான்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு சம்பவம். போன வருஷம் எங்க பட்டறைக்கு ஒரு செவர்லே லாரியைக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க. வேற ஒரு ஊர்ல புதுப்பிச்ச வண்டி. பெயிண்ட்ல முகம் பார்க்கலாம். கல்யாண ஊர்வலத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளையை ஏத்திக்கிட்டுப் போயிருக்காங்க. மீட்டருக்குப் போற செம்புக் குழாய் கேபினுக்குள்ள விரிசல் விட்டு, டிரைவர் காலடியில சூடான ஆயில். அவர் அதைக் கவனிக்கறதுக்கே நேரமாயிருக்கு. முள் ஜீரோவுல இருந்ததைப் பார்த்திருக்கார். ஆனா அந்த முள் எப்பவுமே கீழதானே இருக்கும்? மெதுவா ஊர்ந்து போற ஊர்வலம்தானேன்னு ஓட்டியிருக்கார். நல்லவேளை, ஆளுக்கு ஒண்ணும் ஆகலை. பிரேக் பெடல் மேல ஆயில் வழுக்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கவே வேண்டாம்.

எஞ்சின்தான் போச்சு. இந்த எஞ்சின்ல ராட் பேரிங் இன்னைக்கு மாதிரி கழட்டி மாட்டற ஷெல் கிடையாது. ராடுலயே ஒயிட் மெட்டலை உருக்கி ஊத்திக் கடைஞ்சிருப்பாங்க. அந்த மெட்டல் 240 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பிச்சிடும். மறுபடி ஊத்திக் கடையத் தெரிஞ்ச ஆட்களைத் தேடித்தான் பிடிக்கணும். இருக்கிறவங்களுக்கும் வயசாயிடுச்சு. வண்டிச் சொந்தக்காரர், அவரோட தாத்தா ஓட்டின லாரின்னு ஆசைப்பட்டுச் செலவு பண்ணினவர், எஞ்சினைக் கழட்டிப் பார்த்ததும் அப்படியே டயர் மேல உக்காந்துட்டார். அவர் கையில இருந்த பழைய எஸ்டிமேட்டை நான் வாங்கிப் பார்த்தேன். பெயிண்ட்டுக்கு ஒரு பக்கம் முழுக்க வரிகள். ஆயில் பைப் என்ற வார்த்தையே இல்லை.

இப்ப எதிர்வாதங்கள்.

"ஒரிஜினலா இருக்கணுமே, பைப்பை மாத்தலாமா?" தாராளமா. 2021-ல மத்திய அரசு கொண்டுவந்த வின்டேஜ் வண்டி விதி, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கானது. 50 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கணும், சேஸிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் இருக்கக் கூடாதுன்னு அது கேக்குது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். ஒரிஜினல்னா என்னங்கிறதுக்கு அந்த அளவுகோல் நியாயமானதுதான். கழட்டி மாட்டக்கூடிய ஒரு குழாய் அந்த அளவுகோல்ல வண்டியோட அடையாளத்தைத் தொடறதே இல்லை. எஞ்சின் வெந்து போய் வேற எஞ்சின் மாட்டினாத்தான் தொடும். ஒரிஜினல் எஞ்சினைக் காப்பாத்தறது நல்ல பைப்புதான்.

"வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊர்வலம் போற வண்டிக்கு இவ்வளவு எதுக்கு?" இது உண்மையிலேயே யோசிக்க வேண்டிய கேள்வி. தினம் ஓடற லாரியில டிரைவருக்குச் சத்தம் தெரியும், வாசனை தெரியும், ஒழுகினா மறுநாள் காலையில தரையில தெரியும். வருஷத்துல ரெண்டு நாள் எடுக்கிற வண்டியில எதுவுமே தெரியாது. ரப்பர் சும்மா நின்னாலும் காஞ்சு வெடிக்கும். ஓட்டறவரும் புது ஆள். அதனால கம்மியா ஓடற வண்டிக்குத்தான் பைப்பு இன்னும் கவனமா இருக்கணும்.

"பேசாம இன்னைக்கு வர்ற மாதிரி முழு ஓட்ட ஃபில்டர் வெச்சிட்டா?" 216-க்கு அது வேண்டாங்கிறார் ஃபிட்டர் அண்ணன். இருக்கிற 15 பி.எஸ்.ஐ.யில மொத்த ஆயிலையும் ஃபில்டர் வழியாத் தள்ளச் சொன்னா பாவம் அந்த பம்ப் என்ன பண்ணும். ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரம் மாத்துங்க, சேம்பரைக் கழட்டிச் சகதியைச் சுரண்டுங்க, போதும். அவர் சொன்னதை நானும் ஏத்துக்கறேன்.

கடைசியா நம்ம பாடத்துக்கு வரேன். ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல பழைய கார் சந்தையை வெச்சு ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல அவருக்கு நோபல் கிடைச்சதுக்குப் பின்னாடி அந்தக் கட்டுரை இருக்கு. விக்கிறவருக்குத் தெரிஞ்சது வாங்கறவருக்குத் தெரியாதபோது, நல்ல சரக்குக்கும் மோசமான சரக்குக்கும் ஒரே விலைதான் கிடைக்கும், அதனால நல்ல சரக்கு சந்தையை விட்டே போயிடும்னு சொன்னார். செமஸ்டர்ல பத்து மார்க் கேள்வியாப் படிச்சது. பில் புக் எழுத உக்காந்தப்பதான் புரிஞ்சது. எங்க எஸ்டிமேட்ல ஆயில் லைன் வரி இருக்கு, அதனால தொகை கொஞ்சம் அதிகம். பக்கத்துப் பட்டறை எஸ்டிமேட்ல அது இல்லை, தொகை கம்மி. ரெண்டு பேரும் அடிக்கிற பெயிண்ட் ஒண்ணுதான். பானட்டை மூடிட்டா வித்தியாசம் தெரியாது. வாடிக்கையாளர் எங்க போவார்?

"அந்த வரியை எடுத்துட்டு, தொகையைப் பெயிண்ட் வரியில சேர்த்துடலாமே பெரியப்பா?"ன்னு ஒரு தடவை கேட்டேன். அவர் சொன்னார்: "கண்ணு, பெயிண்டுக்குள்ள ஒளிச்சு வெச்சா, அடுத்த தடவை பேரம் பேசும்போது நானே அதை வெட்டிடுவேன். எழுதி இருந்தாத்தான் எனக்கே பயம் இருக்கும்." கணக்குப்பதிவியல்ல இதைவிட நல்ல விளக்கம் எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லலை.

ஒரு இரும்புக் குழாயை உரசாம, நசுங்காம வளைச்சு, ரெட்டை ஃப்ளேர் போட்டு, பிசிறு இல்லாம ஊதித் துடைச்சு மாட்ட ஃபிட்டருக்கு முழுசா ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள் கூலியை எஸ்டிமேட்லேர்ந்து அடிச்சா, அந்த வேலை தெரிஞ்சவர் அடுத்து வேற வேலைக்குப் போயிடுவார். அவரோட பையன் இதைக் கத்துக்க மாட்டான். ஒயிட் மெட்டல் ஊத்தறவங்களைத் தேடற மாதிரி, நாளைக்கு ஒழுங்கா ஃப்ளேர் பண்ணத் தெரிஞ்ச ஆளையும் தேடிக்கிட்டு அலைய வேண்டி வரும்.

அதனால யார் வீட்டுலயாவது தாத்தா காலத்து லாரியோ வேனோ கொட்டாயில நின்னு, அதைப் புதுப்பிக்கற யோசனை இருந்தா, பட்டறையில நாலே நாலு கேளுங்க. ஆயில் பைப்புக்குத் தனி வரி எங்க? ஃபில்டர் லைன்ல சின்ன ஓட்டை இருக்கிறதை எனக்குக் காட்டுவீங்களா? எந்த மரைக்கு எந்த முனை போட்டீங்க? கேபின் ஏத்தறதுக்கு முன்னாடி பைப்பு போற வழியை ஒரு போட்டோ எடுத்துத் தருவீங்களா? நாலுக்கும் நேராப் பதில் சொல்ற பட்டறை கொஞ்சம் கூடுதலாக் கேட்டாலும் கொடுத்துடுங்க.

பெயிண்ட் உரிஞ்சா மறுபடி அடிச்சுக்கலாம். 1950-ல வார்த்த எஞ்சின் பிளாக்கை யாரும் மறுபடி வார்த்துத் தரப்போறதில்லை.